எண்ணூர் முகத்துவாரம்: நடக்கவும் பறவை பார்க்கவும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையின் வடகோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் முகத்துவாரம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று மீனவர் ஊர்கள் அதன் தென்கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. காட்டுக்குப்பமும் சிவன்படைக்குப்பமும் ஆற்றின் உட்பக்கம். முதல் தடவை போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? புகைபோக்கிகள்தானே தெரியும்?

புகைபோக்கிகள் தெரியும். வடக்கே திரும்பினால் அனல்மின் நிலையம், 2001இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம், உயர் அழுத்த மின்கம்பிகள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். அவற்றின் அடியில், கணுக்கால் அளவு தண்ணீரில், நாரையும் கொக்கும் உள்ளானும் மேய்ந்துகொண்டிருக்கும். ஆறு, பக்கிங்காம் கால்வாய், கடல் மூன்றும் கூடுகிற இடம் என்பதால் சேற்றுத்திட்டு, கண்டல் மரங்கள், மணல்மேடு, திறந்த கடல் நான்கையும் ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம். நகரத்துக்குள் இப்படி ஓர் இடம் மிச்சமிருப்பதே பெரிய விஷயம்.

சுற்றுலாத் தலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நுழைவுச்சீட்டு, பெஞ்சு, வழிகாட்டிப் பலகை எதுவும் கிடையாது. அது மீன்பிடித் தொழில் நடக்கிற இடம். வார நாள் காலையில் மெரினாவில் கிடைக்காத அமைதி இங்கே கிடைக்கும். ஞாயிறு மாலையில் கிடைக்காது.

எப்படிப் போவது?

ரயில்தான் நல்லது. சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்தோ கடற்கரை நிலையத்திலிருந்தோ கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்குங்கள். அதற்கு முந்தைய நிலையம் கத்திவாக்கம். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அங்கேயே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. எண்ணூர் நிலையத்திலிருந்து முகத்துவாரம் ஏறக்குறைய 2 கி.மீ. ஆட்டோவில் போகலாம், விடியற்காலையில் நடந்தே போய்விடலாம்.

மெட்ரோவில் வருகிறவர்கள் நீலத் தடத்தின் கடைசி நிலையமான விம்கோ நகர் பணிமனை வரை வந்து, அங்கிருந்து எண்ணூர் போகும் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்கலாம்.

சொந்த வண்டி என்றால் எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிகளைக் கணக்கில் வையுங்கள். துறைமுக வாயில்களில் வரிசை நின்றால் சாலையில் ஒரு பக்கமே அடைந்துவிடும். இருசக்கர வண்டியில் லாரியின் இடப்பக்கமாகப் புகுந்து முந்தவே கூடாது. ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் உங்களைத் தெரியாது. கடலோரச் சாலை விளிம்பில் காற்று கொண்டுவந்து போட்ட மணலில் சக்கரம் வழுக்கும். காலை 6 மணிக்குள் எண்ணூரைத் தொட்டுவிடும்படி கிளம்பினால் போகும்போதாவது இந்தத் தொல்லை குறைவு.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. எண்ணூரில் இறங்காமல் அடுத்த நிலையமான அத்திப்பட்டு புதுநகர் வரை போய்த் திரும்புங்கள். இடையில் ரயில் கழிமுகத்தின் மேல் பாலத்தில் போகும். நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது, பறவைகள் எந்தத் திட்டில் கூடியிருக்கின்றன என்று அந்தச் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். பாலத்தின் மேல் நடந்து போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ரயில் வந்தால் ஒதுங்க வழியில்லை.

எந்த மாதத்தில் போகலாம்?

வலசைப் பறவைகளுக்காக என்றால் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி முடிய. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உள்ளான்கள் வந்து இறங்கத் தொடங்கும். கூட்டம் கூடுவது மழை ஓய்ந்த பிறகுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கொடுமை. ஆனால் சூரியன் காலை 5:45 வாக்கிலேயே எழுந்துவிடுவதால் 8 மணிக்குள் நடையை முடித்துத் திரும்பலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிவிப்போடு இன்னொன்றையும் பாருங்கள்: பூண்டி நீர்த்தேக்கம். அது கொசஸ்தலையின் குறுக்கே 1944இல் கட்டப்பட்டது. அங்கே மதகு திறந்தால் உபரிநீர் முழுவதும் எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போகும். சென்னையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதுகூட ஆறு கரைபுரளலாம். உபரிநீர் திறப்பு என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

காலையா, மாலையா?

கடிகாரத்தைவிடக் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் முக்கியம். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் அமையும்.

சென்னைக் கடலில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து அடுத்த வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதே ஏற்றம் மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் அதிகம், ஏறக்குறைய ஒரு மீட்டர். அஷ்டமி, நவமியை ஒட்டிக் குறைவு. ஒரு மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். கழிமுகம் தட்டையான நிலம். ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பெரிய சேற்றுத்திட்டு வெளியே வந்துவிடும்.

வீட்டு நாள்காட்டியை வைத்தே தோராயமாகக் கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமி அன்று சென்னையில் ஏற்றம் காலை 8 முதல் 9 மணி வாக்கில் வரும். வற்றம் பிற்பகல் 2 முதல் 3 வாக்கில். அங்கிருந்து நாளுக்கு 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். பஞ்சமி, சஷ்டி, சப்தமி நாட்களில் வற்றம் காலை 6:30 முதல் 8 மணிக்குள் விழும். காலை வெளிச்சத்தில் சேறு திறந்து கிடக்க வேண்டுமானால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். சரியான நேரத்துக்குச் சென்னைத் துறைமுகத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்போடு இதையும் இணையத்தில் வெளியிடுகிறது.

பறவை பார்க்க மிக நல்ல நேரம், வற்றம் முடிந்து நீர் மறுபடி ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம். நீர் முழுவதும் வற்றியிருக்கும்போது பறவைகள் திட்டு முழுக்கச் சிதறித் தூரத்தில் புள்ளியாகத் தெரியும். நீர் ஏற ஏற மேயும் இடம் சுருங்கி, அவை தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கி வரும். நீங்கள் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். முழு ஏற்றத்தில் சேறு மூழ்கிவிடும். பறவைகள் எங்காவது மேட்டில் கூடி ஓய்வெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும் காலத்தில், கடலில் ஏற்றம் வந்து வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே தண்ணீர் உயரும், அதுவும் குறைவாக. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இந்தக் கணக்கையே அழித்துவிடும்.

எந்த வழியாக நடப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

எண்ணூர் நிலையத்திலிருந்து கிழக்கே நெட்டுக்குப்பம் கடற்கரை. அங்கே கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் மிச்சம் சூரிய உதயத்துக்குப் பேர்போனது. அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் மணல் முனை; அதுதான் முகத்துவாரம். முனையில் மேற்கே திரும்பி ஆற்றின் தென்கரையோடு சாலைப் பாலம் வரை வந்து, ஊருக்குள் புகுந்து நிலையத்துக்குத் திரும்பலாம். மொத்தம் 5 முதல் 6 கி.மீ. நின்று பார்த்து நடக்க மூன்று மணி நேரம் வையுங்கள்.

கடற்கரைப் பகுதியை அலை நனைத்த ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. உலர்ந்த மணலில் அதே தூரத்துக்கு இரட்டிப்பு உழைப்பு. மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருக்கும் இடங்களில் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக நிறுத்துவது அந்த இரண்டு செடிகளும்தான். ராவணன் மீசையின் முள் நுனி கால்சட்டைத் துணியையும் தாண்டிக் குத்தும் என்பது கூடுதல் காரணம்.

ஆற்றோரம் காலையில் நிற்கும் திசையைக் கவனியுங்கள். சூரியன் கடல் பக்கம் எழுவதால், கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே உள்நீரைப் பார்த்தால் பறவையின் நிறம் துலங்கும். மேற்கில் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். மாலையில் இது தலைகீழ்.

திருவொற்றியூரிலிருந்து கடற்கரையோடு நடந்தே வரலாமா?

வர முடியாது. காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அரிப்பைத் தடுக்கத்தான் அந்தக் கற்களும் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும். பாசி பிடித்த கல்லில் வழுக்கிக் கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் எலும்பு முறியும். அலை நனைத்த கல்லில் ஏறாதீர்கள், படத்துக்காகக்கூட.

திருவொற்றியூரில் இறங்க ஆசையிருந்தால் நடையை முடித்துத் திரும்பும்போது தியாகராஜர் கோயிலுக்கும் கடலோரத்தில் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் போய்வரலாம்.

கடலில், ஆற்றில் குளிக்கலாமா?

வேண்டாம். முகத்துவாரத்தில் ஒருபோதும் வேண்டாம்.

வற்றத்தின்போது கழிமுகத்தின் நீர் முழுவதும் குறுகிய வாய் வழியாக வெளியே பாயும். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும். இடுப்பளவு நீரில் நிற்கிறவரின் கால் மணலை அது அடியில் அரித்து இழுக்கும். வெளியே போகும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் திணறுவார். மணல் முனையின் விளிம்பும் நம்பக்கூடியதல்ல. அடியில் நீர் குடைந்திருக்க, மேலே நிற்கிறவரோடு சேர்ந்து சரியும். விளிம்பிலிருந்து நாலைந்து அடி உள்ளேயே நில்லுங்கள். தூண்டில் வளைவுகளின் பக்கவாட்டிலும் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் இருக்கும்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். கயிறு, காலிக் கேன், மிதவை எது கிடைக்கிறதோ எறியுங்கள். பக்கத்து ஃபைபர் படகுக்காரர்களைக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் உதவிக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

சேற்றில் இறங்கி நடக்கலாமா?

கரையோரமாக, கணுக்கால் மூழ்காத இடம் வரை போகலாம். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். வெறுங்காலை ஆளி (சிப்பி) ஓடு கத்திபோல் அறுக்கும். கயிறு கட்டிய பழைய கான்வாஸ் ஷூதான் சரி. சாம்பல் நிறத்தில் பளபளப்பாக, நண்டுப் பொந்தே இல்லாமல் தெரியும் சேறு பெரும்பாலும் ஆழமானது. பொந்துகளும் செடியும் உள்ள இடம் ஓரளவு கெட்டி.

கால் புதைந்தால் பதற்றத்தில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி இழுப்பதால்தான் இன்னும் இறங்குகிறது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள். உடல் எடை பரவும். ஒரு காலை மட்டும் சிறிது சிறிதாக ஆட்டினால் காலைச் சுற்றி நீர் புகுந்து பிடி தளரும். அது வெளியே வந்த பிறகு அடுத்த கால்.

ஆளி கீறினால் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி மருந்திடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். கெழுத்தி முள்ளோ திருக்கை வாலோ குத்தினால் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருங்கள். வலி குறையும். பிறகு மருத்துவரிடம் போவது கட்டாயம், ஏனென்றால் முள் முறிந்து உள்ளே இருக்கலாம்.

என்னென்ன பறவைகள் தெரியும்?

ஆண்டு முழுவதும்: சிறிய வெண்கொக்கு, கரைக் கொக்கு, சாம்பல் நாரை, நீர்க்காகம், செம்பருந்து, மீன்கொத்திகள், ஆள்காட்டி. நீரும் மீனும் அமைந்தால் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை. குளிர்காலத்தில் உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் வகைகள் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), ஆலாக்கள், பழுப்புத்தலைக் கடற்காகம். பூநாரை எண்ணூரிலும் இறங்குவதுண்டு. அதை மட்டுமே நம்பி இங்கே வராதீர்கள்.

புதியவர்களைக் குழப்புவது சேற்றில் ஓடும் குருவி அளவுப் பறவைகள். நிறத்தைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். சட்டென்று ஓடி, நின்று, பார்த்து, ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடுவது. தலையைத் தூக்காமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போனால் உள்ளான். அலகு நுனியின் தொடு உணர்வால் தேடுவது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதிக் குழப்பம் தீரும். நெடுங்கால் உள்ளானில் சந்தேகமே வராது: குச்சி போன்ற நீளமான இளஞ்சிவப்புக் கால்கள்.

கரைக் கொக்கை நின்று நிதானமாகப் பாருங்கள். ஒன்று கருஞ்சாம்பலாகவும் பக்கத்தில் இன்னொன்று வெள்ளையாகவும் இருக்கும். இரண்டும் ஒரே இனம். ஆழமில்லாத நீரில் இறக்கையைப் பாதி விரித்து, குடிகாரன் போல் இரண்டு எட்டு இடமும் இரண்டு எட்டு வலமும் ஓடி மீனைக் கலைத்துப் பிடிக்கும்.

தொலைநோக்கி 8×42 போதும். 10 மடங்குக்கு மேல் போனால் கடற்காற்றில் கை நடுங்கிப் படம் ஆடும்.

எவ்வளவு பக்கம் போகலாம்?

பறவைதான் சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் தலையைத் தூக்கினால் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் நீங்கள் வரம்பு மீறிவிட்டீர்கள். மத்திய ஆசியாவுக்கும் அதற்கு அப்பாலும் திரும்பிப் பறக்க வேண்டிய பறவை, அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு தடவை கலைப்பதும் அதிலிருந்து பிடுங்குவதுதான். கூட்டம் மொத்தமாக எழும் படத்துக்காகக் கல் எறிவதும் கைதட்டுவதும் வெட்கக்கேடு. வளர்ப்பு நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கோடையில் மணல்மேட்டில் ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றினால் காலடியில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூழாங்கல் போலவே இருக்கும். வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போங்கள்.

பறவை தவிர வேறென்ன?

கண்டல் மரங்கள். இங்கே இருப்பவற்றில் பெரும்பாலும் வெண்கண்டல். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல் மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சு வேர்கள். காற்றே இல்லாத சேற்றில் வேர் மூச்சுவிட வழி. அவற்றை மிதித்தால் மரம் திணறும். ஓர் இலையைப் பறிக்காமல் திருப்பி வெயிலில் பாருங்கள்: உப்புப் பொடி மினுங்கும். மரம் குடித்த உப்புநீரின் உப்பை இலை வெளியே தள்ளுகிறது. மரத்தடியில் உமரிச் செடி. நீர் வற்றிய விளிம்பில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதான குட்டி நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். கொடுக்கு பெரிதானது ஆண். துடுப்பை ஊன்றித் தாவும் சேற்று மீனும் அங்கேயே இருக்கும். அவற்றைப் பார்க்க ஒரே வழி, பத்து நிமிடம் அசையாமல் குந்தியிருப்பது. நீங்கள் வந்த அதிர்வில் பொந்துக்குள் போனதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும்.

ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா?

ஜனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டு ஏப்ரலிலும், பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரை நெடுக இரவில் கரையேறுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். பொரிய 45 முதல் 60 நாள். தனியாக இரவில் தேடிப் போகாதீர்கள். டார்ச் வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். காலை நடையில் கடலிலிருந்து மேடு வரை போய்த் திரும்பும் அகலமான தடத்தைப் பார்த்தால், மிதிக்காமல், தோண்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. முட்டையைத் தொடுவதே குற்றம்.

செத்த ஆமைகளையும் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை எதிர்பார்த்து மனத்தைத் தயார்செய்து போங்கள்.

அந்தக் காற்றும் தண்ணீரும் உடம்புக்கு ஆகுமா?

மூன்று மணி நேர நடைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அசட்டையாகவும் இருக்க வேண்டாம். நிலத்திலிருந்து காற்று வீசும் காலைகளில் நிலக்கரிச் சாம்பல் தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமும் இன்ஹேலரும் கொண்டுபோகட்டும். கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறியதும் கரையில் காற்று தெளியும்.

தண்ணீரில் ஆலைக் கழிவும் சாம்பலும் கலந்திருக்கிறது. காலில் புண் இருந்தால் நனைக்காதீர்கள். ஆளி, மட்டி எதையும் நீங்களே பொறுக்கிச் சமைக்க வேண்டாம். அவை நீரை வடிகட்டி உண்பதால் நீரில் உள்ள நஞ்சு உடலில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, கண்டல் மரம், கூழைக்கடா எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியது. மாதக் கணக்கில் தொழிலை இழந்தவர்கள் நீங்கள் நடக்கும் கரையில்தான் வாழ்கிறார்கள்.

அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடி வந்தால் நின்று ஆராயாதீர்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

மீனவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

கரை அவர்களுடைய தொழிற்கூடம். காயப்போட்ட வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் புகாமல் ஓரமாக நில்லுங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று “அண்ணா”, “அக்கா” என்று கூப்பிட்டுக் கேட்டால் நல்ல இடம் காட்டுவார்கள். நீர் எப்போது ஏறும், முனையில் மணல் எந்தப் பக்கம் கெட்டி என்று அவர்கள் சொல்வது எந்த அட்டவணையைவிடவும் சரியாக இருக்கும்.

ஆற்றின் உட்பக்கம் இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிப்பதைப் பார்க்கலாம். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றில் வேலையாக இருப்பதால். கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள்.

துறைமுகம், மின் நிலையம் பக்கம் படம் எடுக்கப் பாதுகாப்புத் தடை உண்டு. டிரோன் கொண்டுவரவே வேண்டாம்.

என்ன கொண்டுபோக வேண்டும்? சாப்பாடு, கழிப்பறை?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், விளிம்பு வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை, மாற்றுக் காலுறை, சிறிய முதலுதவிப் பை, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை. கரையில் நிழல் கிடையாது. பொதுக் கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம்; கிளம்பும் இடத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. டிபன் பிரதான சாலைக் கடைகளில் கிடைக்கும். மாலை நடை என்றால் திரும்பும் வழியில், பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வடசென்னைக்குத் தந்த அத்தோ நூடுல்ஸை விட்டுவிடாதீர்கள்.

முதியவர்களையும் சின்னக் குழந்தைகளையும் முழுச் சுற்றுக்கு இழுக்காதீர்கள். சாலைப் பாலம் வரை ஆட்டோவில் போய், ஓரமாக நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே அவர்களுக்குப் போதுமான காட்சி உண்டு.

அப்படியே பழவேற்காட்டுக்கும் போய்விடலாமா?

ஒரே நாளில் இரண்டையும் அடைக்காதீர்கள். பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தனியாக ஒரு நாள் கேட்கும். எண்ணூரிலிருந்து அதே ரயில் தடத்தில் பொன்னேரியில் இறங்கி, பேருந்தில் இன்னும் ஏறக்குறைய 18 கி.மீ. போக வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாலத்திலிருந்து ஏரியின் இரண்டு பக்கமும் தெரியும். வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஏரியில் எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆகவே கழி நட்டுக் கட்டிய வலைகளின் பக்கம் இறங்காதீர்கள்.

பூநாரைக் கூட்டத்துக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஆந்திரப் பக்கம், சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போவதால் அங்கே இன்னும் கிட்டத்தில் தெரியும். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கம் கட்டுப்பாடு இருக்கும்; தேதி பார்த்துப் போங்கள்.

படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் நாலு ஆளுக்கும் கட்டியது. அதில் குடும்பமே ஏறி, பூநாரையைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். அனுமதி பெற்ற படகு, ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பு இரண்டும் இல்லையென்றால் கரையிலிருந்தே பாருங்கள்.